கட்டற்ற அக்கா

சிலருக்குக் கைராசி, சிலருக்கு முகராசி. நம் மனிதருக்கு எந்த ராசியும் வாய்க்கவில்லை. வாய்ராசியோ அறவே கிடையாது. அவர் எதைச் சொன்னாலும் கேட்பவர் அதற்கு நேர்மாறாகவே செய்வார். பிறந்த குழந்தையாய் அவர் பசியில் அழுதபோது குளிருகிறது போலிருக்கிறது என்று இன்னொரு துணியைப் போர்த்தினார்களாம். பள்ளியில் வகுப்புத் தலைவர் தேர்தலில் நின்றார். தனக்குத் தானே போட்டுக்கொண்ட ஓட்டும் செல்லாமல் போயிற்று. கல்யாணப் பேச்சின்போது, "அவசரமில்ல, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று அவர் வற்புறுத்திய ஒரே காரணத்தால்தான் அந்தப் பெண் அந்த இடத்திலேயே சரி என்றாள். இன்றுவரை அவள் யோசிக்கவில்லை; அதனால் குடும்பம் நன்றாக நடக்கிறது.

இப்படிப்பட்டவரிடம்தான், ஒரு குடிநீர் அலுவலகம் தன் ஊழியர் அனைவரையும் மனம் மாற்றும் திருப்பணியை ஒப்படைத்தது.

அவர் அங்கே கணினிப் பிரிவு. பிரிவில் வேலை பார்ப்பவர் என்று தவறாக நினைத்துவிட வேண்டாம், பிரிவே அவர்தான். மாடிப்படிக்கு அடியில், தலை நிமிர்ந்தால் இடிக்கும் அறையில், பழைய திரைகளுக்கும் அறுந்த கம்பிகளுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பார். தொலைபேசி மணி அடிக்கும். மேலே யாருடைய கணினியோ உறைந்துபோயிருக்கும். அவர் இருந்த இடத்திலிருந்தே மருந்து சொல்வார்: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." பத்தில் ஒன்பது நோய்க்கு அது கேட்கும். பத்தாவதற்கு மறுபடியும் அதையே சொல்வார். எழுந்து போய்ப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. படி ஏறினால் கடிதப் பிரிவு வழியாகத்தான் போக வேண்டும். அங்கே மூலை மேசை இருந்தது.

அந்த மேசைக் கணினியில் ஆள் இருக்கிறது என்பது அலுவலகம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

ஆள் வேறு யாருமில்லை, அவருடைய சொந்த அக்காதான். அவருக்கு முன்பே அங்கே சேர்ந்து கடிதப் பிரிவின் தலைமை எழுத்தராக இருந்தவள். தம்பி அக்கா என்று கூப்பிட்டதால் அலுவலகமே அக்கா என்றது. ஓய்வுபெறும் வயதில் இருந்தவர்களும் கூச்சமில்லாமல் அக்கா என்றார்கள். பிறர் பேச்சைத் திருத்துவது அவளுக்குப் பிறவிக்குணம். சின்ன வயதில் இவர், "நாளைக்குப் படிக்கலாம்னு நினைக்கிறேன்" என்றால், "நினைக்காத. படி" என்பாள். ஊரெல்லாம் குழாய் வெடித்த சேதியை நாள்தோறும் வாங்கிப் பதில் எழுதியவள், இரண்டு வருடம் முன்பு, தலைக்குள்ளே ஒரு மெல்லிய குழாய் வெடித்துப் போய்ச் சேர்ந்தாள். அந்த ஒரு புகாருக்கு மட்டும் சரியான நேரத்தில் யாராலும் போக முடியவில்லை.

அவள் போன பிறகு மூலை மேசைக்கு டைப்பிஸ்ட் அம்மா வந்தார். அவர் பழைய காலத்து ஆள். கண் தாளில் இருக்கும், விரல் பலகையில் இருக்கும், திரையைப் பார்ப்பது திறமைக் குறைவு என்று நினைப்பவர். முதல் நாள் அதிகாரி எழுதித் தந்த பதில் இது: "தங்கள் தெருக் குழாய் நாளை ஆய்வு செய்யப்படும். தாமதத்துக்கு வருந்துகிறோம்." அடித்தார். அதிகாரி, எல்லா அதிகாரிகளையும் போல, படிக்காமல் கையெழுத்திட்டார். நகல் கீழே ஃபிட்டர் அறைக்குப் போயிற்று. சற்று நேரத்தில் ஃபிட்டர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்த அதிகாரி, எங்கே என்று கேட்டார். ஃபிட்டர் நகலை நீட்டினார். அதில் இருந்தது: "தங்கள் தெருக் குழாய் இன்று ஆய்வு செய்யப்படும். தாமதத்துக்கு வருகிறோம்."

இலக்கணப்படி அது பிழை. தண்ணீர்ப்படி சரி.

டைப்பிஸ்ட் அம்மா தான் 'நாளை' என்றுதான் அடித்ததாகச் சொன்னார். மறுபடி அடித்தார், இந்த முறை திரையைப் பார்த்தபடி. நாளை என்று எழுத்துகள் வந்து உட்கார்ந்தன. இடைவெளி விசையைத் தட்டியதும், யாரோ தோளுக்கு மேலிருந்து கை நீட்டியதுபோல, அது இன்று என்று மாறியது. டைப்பிஸ்ட் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து, நின்றுகொண்டே மீதியை அடித்தார். அக்கா உயிரோடிருந்தபோது, "நான் எழுதினதை மாத்தினியா?" என்று அதிகாரி பலமுறை கேட்டதும், அவள் சிரிக்காமல், "நீங்க எழுதினதைத்தான் சார் அடிச்சேன்" என்று சொன்னதும் அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. அவள் பொய் சொல்லவில்லை. அவள் அடித்தது நாளைதான்.

அன்றிலிருந்து அந்த மேசைப் பக்கம் பேச்சு தாழ்ந்தது. அக்கா விட்டுப்போன பச்சைச் சால்வையை நாற்காலி முதுகிலிருந்து எடுக்க ஒருவருக்கும் துணிவில்லை. "அடிக்கறது நாம, எழுதறது அக்கா" என்று டைப்பிஸ்ட் அம்மா மெல்லச் சொல்வார்.

நம் மனிதருக்கு விஷயம் கேட்டவுடனே விளங்கிவிட்டது. எழுத்துப்பிழையைத் தானாகத் திருத்தும் வசதி எந்த மென்பொருளிலும் உண்டு. ஊழியர்களின் பிழையைத் திருத்த அக்கா அதைப் பழக்கியிருக்கிறாள், அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் நீக்கிவிடலாம். அதிகாரி தொலைபேசியில் அவரைக் கூப்பிட்டு, உள்ளே என்னதான் இருக்கிறது என்று கேட்டபோது அவர் வாயிலிருந்து வேறொன்று வந்தது: "பாக்க முடியாது சார். அது பூட்டின மென்பொருள். உள்ள என்ன இருக்குன்னு செஞ்சவனுக்குத்தான் தெரியும்."

காரணம் இருந்தது. செத்துப்போனவர்கள் எல்லோரும் படமாகிவிடுகிறார்கள். படம் நாம் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும். அவருடைய அக்கா ஒருத்திதான் செத்த பிறகும் மறுத்துப் பேசிக்கொண்டிருந்தாள். அத்தனை பேரின் சொல்லைத் திருத்தியவள் தம்பிக்கென்றும் ஏதாவது ஒரு சொல்லை உள்ளே வைத்திருப்பாளா என்ற எண்ணம் அவரைத் தூங்கவிடவில்லை. உட்கார்ந்து அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இல்லை என்று தெரிந்துவிட்டால்? அடிக்காதவரை இருக்கிறது. ஆகவே அவர் இரண்டு வருடம் படி ஏறவில்லை.

அப்போதுதான் மேலிடத்து உத்தரவு வந்தது. விலைகொடுத்து வாங்கிய மென்பொருளின் உரிமம் இந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்கப்பட மாட்டாது, எல்லோரும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற வேண்டும், மாற்ற வேண்டியவர் கணினிப் பிரிவு.

கீழே வரவேற்பறையில் கூட்டம் நடந்தது. அவர் ராத்திரியெல்லாம் எழுதி மனப்பாடம் செய்த உரையை ஆற்றினார். இந்த மென்பொருளை யாரும் பூட்டி வைக்கவில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், காசு கிடையாது என்றார். இதில் கடைசி இரண்டு சொற்கள் மட்டும் சபையின் காதில் விழுந்தன. ஓசியில் வருவது நாசமாய்ப் போகும் என்று ஒரு குரல். அன்றோடு அவருக்கு 'இலவசம்' என்று பெயர் விழுந்தது. "இலவசத்தைக் கூப்பிடு", "இலவசம் சாப்பிடப் போயிருக்கு" என்று அஃறிணையிலும் வழங்கினார்கள்.

கணக்கர், கூட்டத்தின் மூத்த உறுப்பினர், எழுந்து நின்று ஐயம் கேட்டார். "யோவ், கட்டற்றதுன்னா என்னய்யா அர்த்தம்?"

"கட்டு இல்லாததுங்க."

"கட்டு போட்டு வச்சிருக்கறப்பவே மூலையில அந்தப் பாடு படுத்துது. கட்டையும் அவுத்துவிட்டா நம்ம கதி?"

சிரிப்பு கிளம்பி, மேலே மூலை மேசை இருக்கும் பக்கம் பார்வை போனதும் பாதியில் நின்றது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அவரைப் போன்றவர்கள் யோசிப்பது அடுத்தவருக்கு ஆபத்து. கூட்டம் கலைந்ததும் இலவசத்தைத் தனியே கூப்பிட்டார். "பூட்டினதுனாலதானே உள்ள பாக்க முடியலன்னு சொன்னே? அப்ப சுத்தமா அழிச்சிட்டு இதைப் போடு. மொதல்ல அந்த மூலை. திங்கட்கிழமை நான் வர்றப்ப அது வெறும் கம்ப்யூட்டரா இருக்கணும்."

வாழ்நாளில் முதன்முறையாக இலவசம் சொன்னதை ஒருவர் அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தார். தன் வாயால் தன் அக்காவை அழிக்க உத்தரவு வாங்கிக்கொண்டு அவர் படிக்கு அடியில் போய் உட்கார்ந்தார்.

அந்த வாரம் மற்ற மேசைகளுக்கு, கீழே நேரிலும் மேலே தொலைபேசியிலும், பிரசாரம் நடந்தது. தத்துவம் எடுபடவில்லை. சுதந்திரம், பொதுச்சொத்து, நாலு பேர் கூடிச் செய்தது என்று சொன்னால், அலுவலகத்தில் நாலு பேர் கூடிச் செய்த வேலை எப்படி இருக்கும் என்று தங்களுக்குத் தெரியாதா என்றார்கள். சேமிக்கும் பொத்தான் வேறு இடத்தில் இருக்கிறது, நிறம் வேறாக இருக்கிறது, எழுத்து மெலிந்து நோஞ்சானாக இருக்கிறது என்று குறை. கணக்கர் சீட்டாட்டம் உண்டா என்று மட்டும் விசாரித்தார். பழையதில் ஒன்றுதான், இதில் பல என்று காட்டியதும் அவர் அந்த இடத்திலேயே சுதந்திரப் போராளியாகிவிட்டார். பிறகு கணக்குப் பிரிவைத் திருப்புவதில் இலவசத்துக்கு வேலையே இருக்கவில்லை. வரவேற்பு மேசைப் பெண்ணிடம் உன் பிள்ளையின் படத்தைத் திரையில் பெரிதாக வைக்கலாம் என்றார். வைக்கலாம், பழையதிலும் வைக்கலாம். அதை அவர் சொல்லவில்லை. பிரசாரகர்களுக்கு அந்த அளவு சலுகை உண்டு.

மீதியிருந்தது டைப்பிஸ்ட் அம்மா. வேறு வழியின்றி, இரண்டு வருடத்துக்குப் பிறகு, இலவசம் படி ஏறினார். மூலை மேசைக்கு ஓர் எட்டு தள்ளியே நின்றார். பச்சைச் சால்வை நாற்காலியில் இருந்தது.

"திங்கட்கிழமைக்குள்ள மாத்தணும்மா" என்றார்.

"மாத்தினா இவங்க?"

"இவங்க யாரும் இல்லம்மா. அது ஒரு வசதி. எழுத்துப்பிழை திருத்தறது."

டைப்பிஸ்ட் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, எனக்கு அது தெரியாதுன்னா நெனச்சே? போன வருஷமே எம் பொண்ணு சொல்லிட்டா. ஃபிட்டரைக் கேளு. நாளைன்னு எழுதியிருந்த காலத்துல அவரு பகல்ல பாயைப் போட்டுப் படுத்திருந்தாரு. இப்ப தெருத்தெருவாப் போறாரு. பேய்ன்னு சொன்னாத்தான் போவாங்க. வசதின்னு சொன்னா போவாங்களா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி, ஒண்ணுமில்லைங்கறியே. அப்ப ஏன் அங்கேயே நிக்கறே?"

இலவசம் சால்வையைப் பார்த்தார்.

"இவங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன்பா. அழிக்கறதுன்னா அக்காகிட்ட நீயே சொல்லிட்டு அழி."

ஞாயிற்றுக்கிழமை பகல், காவலாளி கதவைத் திறந்துவிட, இலவசம் தனியாக உள்ளே போனார். வீட்டில், சீக்கிரம் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். மனைவி சாப்பாட்டை மூடி வைத்தாள். நல்ல வெயில். ஆள் இல்லாத அலுவலகத்துக்கு வெயில் ஒரு தைரியமும் தருவதில்லை. எல்லா நாற்காலிகளும் மேசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. மூலை நாற்காலி மட்டும் வழியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவர் சால்வையில் முதுகு படாமல் நுனியில் உட்கார்ந்து கணினியைப் போட்டார். விசைப்பலகையில் 'வ' தேய்ந்து வெறும் வெள்ளையாக இருந்தது.

அமைப்புப் பக்கத்துக்குப் போனால் அக்கா பழக்கிய சொற்கள் அத்தனையும் வரிசையாகக் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவர் போகவில்லை. வரிசையாகப் பார்த்துவிட்டால் அது வெறும் பட்டியல். அடித்துப் பார்த்தால் பேச்சு. கடைசியாக ஒருமுறை பேசிவிட்டு அழிப்பதுதான் முறை என்று ஒரு கணினி வல்லுநருக்குத் தோன்றக்கூடாதது அவருக்குத் தோன்றியது.

நாளை என்று அடித்தார். இன்று என்றாள். வருந்துகிறோம் என்றார். வருகிறோம் என்றாள். அலுவலகத்தின் புனிதச் சொற்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தார். 'பரிசீலனையில் உள்ளது' என்று அடித்ததும், கண்ணெதிரே அது 'என் மேசையில் உள்ளது' ஆயிற்று. 'ஆவன செய்யப்படும்', 'செய்கிறேன்' ஆயிற்று. 'உரிய நடவடிக்கை' என்றதற்கு 'ஏதாவது ஒரு நடவடிக்கை' என்று வந்தது. அவர் சிரித்தார். சிரிப்பு அந்தப் பெரிய அறையில் போய்ச் சுவரில் மோதி, வேறு யாரோ சிரித்ததுபோல் திரும்பி வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

பிறகு, இத்தனை நாள் தள்ளிப்போட்டதை அடித்தார்: தம்பி.

இடைவெளி விசையைத் தட்டினார். தம்பி, தம்பியாகவே நின்றது.

தன் பெயரை அடித்தார். மாறவில்லை. சின்ன வயதில் அவள் மட்டும் கூப்பிட்ட பட்டப்பெயரை அடித்தார். அதுவும் மாறவில்லை. அக்கா என்று அடித்துவிட்டுக் காத்திருந்தார். திரையில் கர்சர் மட்டும் விட்டு விட்டு மினுங்கியது. வெளியே ஏதோ ஒரு குழாய் சொட்டுகிற ஓசை கேட்டது. அப்படியானால் இல்லை. ஊருக்கெல்லாம் பதில் எழுதியவள் வீட்டுக்கு எழுதவில்லை. அதில் குற்றம் ஒன்றுமில்லை. அலுவலக நேரத்தில் வீட்டு வேலை பார்க்கிறவள் அல்ல அவள்.

இனி வேலை என்று முடிவு செய்தார். மூலைக் கணினியை அழிக்கும் முன்பு, திங்கட்கிழமை எல்லா மேசையிலும் ஒட்ட ஓர் அறிவிப்பு அடித்துவிடலாம் என்று, இருந்த இடத்திலேயே தொடங்கினார். "புதிய மென்பொருளில் சிக்கல் வந்தால்" என்று அடித்தார். அடுத்த சொற்களுக்கு யோசிக்கவே தேவையில்லை. வேலையில் சேர்ந்த நாள் முதல் அவர் சொல்லிவரும் மந்திரம். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. இடைவெளி.

திரையில் இப்படி இருந்தது:

"புதிய மென்பொருளில் சிக்கல் வந்தால் நீயே வந்து பாருடா."

அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை என்று தெரிந்துதான் பார்த்தார். பிறகு அதை அழித்து, மறுபடி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க என்று அடித்தார். நீயே வந்து பாருடா. இன்னொரு முறை. நீயே வந்து பாருடா. அந்தச் சொற்களை இந்த அலுவலகத்தில் அடிக்கக்கூடிய ஆள் ஒருவர்தான். அவர் இந்த நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தால் ஒழிய அது வெளிப்படாது. எத்தனை முறை மேலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டிருப்பாள், இவர் கீழேயிருந்து அந்த மந்திரத்தைச் சொல்லி ரிசீவரை வைத்திருப்பார் என்பதெல்லாம் கணக்கில் வராத சங்கதி. பேய்களிடம் ஒரு நல்ல குணம், சொன்னதையே சொல்லும். அவள் உயிரோடிருந்தபோதும் அப்படித்தான்.

"வந்துட்டேன்க்கா" என்றார் இலவசம், வாய்விட்டு.

சால்வை முதுகில் பட்டது. அவர் நகரவில்லை. வெயில் சன்னலைவிட்டு இறங்கும்வரை அங்கேயே இருந்தார்.

பிறகு புதிய மென்பொருளை ஏற்றினார். அக்காவின் சொற்களை ஒவ்வொன்றாகத் தன் கையால் அதற்குக் கற்றுக்கொடுத்தார். உத்தரவில் மூலைக் கணினியை அழிக்க வேண்டும் என்றுதான் இருந்தது. அதிலிருந்ததை வேறெங்கும் வைக்கக்கூடாது என்று இல்லை. மேலும் கட்டற்ற மென்பொருளின் தலையாய பண்பு, ஒரு மேசையில் உள்ளதை எல்லா மேசைக்கும் கொடுக்கலாம் என்பது. இதை அவர் கூட்டத்திலேயே சொல்லியிருந்தார். யாரும் கேட்கவில்லை என்றால் அவர் என்ன செய்வார்? அலுவலகத்தின் எல்லாக் கணினிகளுக்கும் கொடுத்தார். ஒரே ஒரு வரியை மட்டும் எதிலும் ஏற்றவில்லை. அது சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது. வீட்டில் மனைவி, "சீக்கிரம் வந்துடுவேன்னு சொன்னப்பவே தெரியும், இவ்வளவு நேரம் ஆகும்னு" என்று சொல்லித் தட்டை எடுத்து வைத்தாள்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தவுடன் மூலைக் கணினியைப் போய்ப் பார்த்தார். புதுத்திரை. வெறும் கம்ப்யூட்டர். சால்வையையும் டைப்பிஸ்ட் அம்மா மடித்து உள்ளே வைத்திருந்தார். அதிகாரிக்கு இரண்டு வருடத்து மூச்சு வெளியே வந்தது. அந்த மகிழ்ச்சியில், தன் அறைக்குப் போய், வழக்கத்துக்கு மாறாகத் தன் கையாலேயே ஒரு கடிதம் அடிக்க உட்கார்ந்தார்.

சற்றைக்கெல்லாம் படிக்கு அடியில் தொலைபேசி மணி அடித்தது.

"இலவசம்." அதிகாரியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இங்க வந்துடுச்சுய்யா."

"சார், ஆஃப் பண்ணி..." என்று தொடங்கிய இலவசம் நிறுத்திக்கொண்டார். "இருங்க சார். நானே வந்து பாக்கறேன்."

போய்ப் பார்த்தார். அதிகாரி நாற்காலியைச் சுவர்வரை தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில், தண்ணீர் வராத ஏதோ ஒரு தெருவுக்கு, இன்று வருகிறோம் என்று இருந்தது. இலவசம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நாடி பார்ப்பவர்போல் சற்று நேரம் அதைப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

"ஏதாச்சும் கட்டு போட முடியாதா?"

"இது கட்டற்றது சார்."

அதிகாரி திரையை ஓரக்கண்ணால் பார்த்தார். "யாருக்கும் கெடுதல் ஒண்ணும் பண்ணாதில்ல?"

"தண்ணி வரும் சார். அவ்வளவுதான்."

சன்னலுக்குக் கீழே ஃபிட்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எந்தத் தெரு என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார். அதிகாரி நாற்காலியை அங்குலம் அங்குலமாக முன்னே நகர்த்தினார். சோதித்துப் பார்ப்பதுபோல ஒரே விரலால், ஒவ்வோர் எழுத்தாக, பரிசீலனையில் உள்ளது என்று அடித்தார். அது, என் மேசையில் உள்ளது என்று மாறியது. அவர் அதைப் படித்தார். பிறகு மெல்லக் குனிந்து, தன் மேசையில், கோப்புகளுக்கு அடியில் அந்தத் தெருவின் புகாரைத் தேடினார்.

இருந்தது.